குடிக்காத எலுமிச்சைச் சாறு

ஒரு மனிதர் குடிக்காத எலுமிச்சைச் சாற்றை அவர் குடித்ததாகப் பத்திரிகையில் எழுதினேன். அவர் குடிக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் அந்தச் செய்தியைத் தடுக்கவில்லை. மறுநாள் ஊர் கூடி அவரைக் கேலி செய்தபோது பக்கத்திலேயே நின்றும் உண்மையைச் சொல்லவில்லை. நான் செய்தது இவ்வளவுதான். இதில் அடிதடி இல்லை, திருட்டு இல்லை, சட்டப்படி குற்றம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் என் வாழ்நாளில் இதைவிட மோசமான காரியம் எதையும் நான் செய்ததில்லை.

என் பத்திரிகை வாழ்க்கையைப் பற்றிப் பல மேடைகளில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சங்கரன்கோவிலில் பகுதிநேர நிருபர், மதுரையில் உதவி ஆசிரியர், பிறகு செய்தி ஆசிரியர், கடைசியில் பத்திரிகை முழுவதற்கும் பொறுப்பு என்று வரிசையாகச் சொல்வேன். கேட்பவர்களுக்கு அது ஏணி மாதிரி தெரியும். முதல் படியில் நான் யார் தோளில் கால் வைத்து ஏறினேன் என்பதை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம். நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்துவிட்டுச் சங்கரன்கோவிலில் வீட்டோடு இருந்தேன். அப்பா தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க். என்னையும் ஏதாவது ஒரு சர்க்கார் நாற்காலியில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கு அந்தக் காகிதக் கட்டுகளைக் கண்டாலே மூச்சு முட்டும். மதுரையிலிருந்து வந்த ஒரு தமிழ் தினசரிக்கு உள்ளூர் நிருபராகச் சேர்ந்தேன். பேர் போட மாட்டார்கள். 'நமது நிருபர்' என்று மட்டும் போடுவார்கள். அந்த இரண்டு சொல்லைப் பார்ப்பதற்காகக் காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய் நிற்பேன்.

செய்தி மதுரைக்குப் போக ஒரே வழி, தென்காசியிலிருந்து விருதுநகர் போகும் சாயங்கால ரயில். அதிலுள்ள தபால் பெட்டியில் கவரைச் சேர்த்துவிட்டால் அன்றைக்கே மதுரைக்குப் போய்விடும். மறுநாள் பேப்பரில் வந்துவிடும். தந்தி கொடுக்கலாம், ஆனால் கொலை, ரயில் விபத்து, மந்திரி வருகை தவிர வேறு எதற்குக் கொடுத்தாலும் ஆபீசில் முகம் சுளிப்பார்கள். எங்கள் ஊரிலோ பொதுக்கூட்டம், பாராட்டு விழா, நாடகம் எதுவானாலும் வெயில் தாழ்ந்த பிறகுதான் ஆரம்பிக்கும். அதற்குள் ரயில் போய்விடும்.

அதனால் நிருபர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. நடக்கப்போவதை நடந்துவிட்டதாக எழுதி ரயிலில் போட்டுவிடுவோம். நோட்டீசில் இருக்கும் பெயர்களை வரிசையாக எழுதி, 'தலைமை வகித்தார்', 'உருக்கமாகப் பேசினார்', 'நன்றி கூற, கூட்டம் இனிது முடிவுற்றது' என்று முடித்தால் போதும். பெரும்பாலும் அப்படியேதான் நடக்கும். ஒரு தடவை ஒரு பிரசங்கியின் கார் கழுகுமலைப் பக்கம் பழுதாகி நின்றுவிட்டது. அவர் வரவே இல்லை. மறுநாள் பேப்பரில் அவர் ஒன்றரை மணி நேரம் முழங்கியிருந்தார். நான் பயந்துகொண்டிருந்தேன். அடுத்த மாதம் அவர் ஊருக்கு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு என் பேச்சை ரொம்ப நல்லா எழுதியிருந்தீர் வே! நான் பேசியிருந்தாக்கூட அவ்வளவு கோவையா வந்திருக்காது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தப் பழக்கத்தில் யாருக்கும் நஷ்டமில்லை என்ற தைரியம் எனக்கு வந்தது அன்றைக்குத்தான்.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. குருவிகுளம் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். ஊரில் இருந்த ஒரே குடிதண்ணீர்க் கிணறு தூர்ந்துபோய், ஊறுகிற கொஞ்சமும் உப்பாகிவிட்டது. ஜில்லா போர்டில் புதுக் கிணறு அனுமதித்தார்கள். ஆனால் கிணறு வெட்ட இடம் பார்த்தபோது, ஊர்ப் பொது இடத்தை விட்டுவிட்டு, தள்ளியிருந்த ஒரு பண்ணையாரின் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கேதான் நல்ல ஊற்று இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் மனு கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் விவசாயம் செய்கிற அந்த ஊர்ச் சம்சாரி ஒருவர் சங்கரன்கோவிலுக்கு வந்து, தாலுகா ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஓலைப் பந்தல் போட்டு, கிணறு ஊருக்குள் வரும்வரை சாப்பிடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான ஆள். எழுதப் படிக்கத் தெரியாது. அரசியல் கட்சி எதிலும் இல்லை. பட்டினிப் போராட்டம் என்றால் என்ன என்று யாரோ சொல்லக் கேட்டு அவராகவே வந்தவர். அவர் ஊர்க்காரர்கள் முறை வைத்து வண்டி கட்டிக்கொண்டு வந்து கூட இருந்தார்கள். தாலுகா ஆபீஸ் எதிரிலேயே நடந்ததால் எனக்குச் செய்தி சேகரிக்க வசதியாக இருந்தது. அப்பாவுக்குத்தான் சங்கடம். பந்தலைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு ஆபீசுக்குப் போவார்.

நான் போகும்போதெல்லாம் அவர் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

"தம்பி, எழுதுதீங்களா?"

"எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணாச்சி."

"கிணத்தைப் பத்தி எழுதுங்க. நான் பட்டினி கெடக்கேன்னு பெருசா எழுத வேண்டாம். பட்டினி எங்களுக்குப் புதுசா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மைத்துனர், வாய்த்துடுக்கான ஆள், "வீட்டுல இருந்தாலும் அத்தானுக்கு இதே கதிதான் சார். இங்கன நெழலாவது இருக்கு. அக்கா ஏச்சு கெடையாது" என்பார். அவரும் சிரிப்பார். சிரித்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

நாட்கள் போகப் போக ஊரில் பேச்சு பெரிதாயிற்று. கடைவீதிப் பிரமுகர்கள் சிலர் போர்டு மெம்பர் ஒருவரிடம் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மெம்பர் நேரில் வந்து எலுமிச்சைச் சாறு கொடுத்து உண்ணாவிரதத்தை முடித்து வைப்பார், கிணறு ஊருக்குள்ளேயே வரும். எனக்கு இந்தத் தகவலைச் சொன்னவர் எங்கள் பத்திரிகையின் உள்ளூர் ஏஜெண்ட். ஸ்டேஷன் ரோட்டில் டீக்கடையும் வைத்திருந்தார்.

"சாயந்திரம் பந்தல்ல சாறு குடிக்காரு. மெம்பரே வாராரு. நம்ம பேப்பர்ல நாளைக்கே வந்திரணும் பாத்துக்கிடுங்க. மத்தப் பேப்பர்காரனுக்கு இன்னும் தெரியாது."

நான் பந்தலுக்குப் போனேன். அவர் சுருண்டு படுத்திருந்தார். விஷயம் உண்மையா என்று கேட்டேன். தலையை மட்டும் தூக்கிப் பேசினார்.

"வாராகன்னு சொன்னாக. வரட்டும். ஆனா வாய்ச்சொல்லுக்குக் குடிக்க மாட்டேன் தம்பி. கிணறு ஊருக்குள்ளதான்னு கையெழுத்துப் போட்டுக் காயிதம் குடுக்கட்டும். அப்புறம் எலுமிச்சம்பழம் என்ன, வேப்பங்கொழுந்தை அரைச்சுக் குடுத்தாலும் குடிக்கேன்."

இது என் காதில் நன்றாக விழுந்தது. பின்னாளில் எத்தனையோ விதமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்கவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

வீட்டுக்குப் போய் எழுதினேன். போர்டு மெம்பர் அவர்கள் அளித்த எலுமிச்சைச் சாற்றை அருந்தி அவர் உண்ணாவிரதத்தை முடித்துக்கொண்டார், கூடியிருந்தோர் ஆரவாரம் செய்தனர் என்று எழுதினேன். காகிதம் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. கொடுப்பாரோ மாட்டாரோ தெரியாததை எப்படி எழுதுவது என்று அதை மட்டும் ஜாக்கிரதையாக விட்டுவிட்டேன்! கவரை ஒட்டி, ஸ்டேஷனுக்குப் போய், ரயிலில் சேர்த்துவிட்டுத் திரும்பினேன்.

வெயில் தாழ்ந்ததும் மெம்பரின் கார் வந்தது. கழுத்தில் மாலையோடு இறங்கினார். வெள்ளி டம்ளரில் சாறு. கூட்டம் நெருக்கியது. நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றேன். மைத்துனர் தூக்கி உட்கார வைக்க, அவர் கைகூப்பிவிட்டு, "காயிதம் கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

மெம்பர் சிரித்தார். "அதான் நானே வந்திட்டனே. காயிதம் என்னத்துக்கு?"

"நீங்க வந்தது சந்தோசம். காயிதமும் வரட்டும்."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல உண்டு. நாளைக்கு உங்க எடத்துல வேற ஆளு உக்காந்தா நான் யாருட்டப் போயிக் கேப்பேன்? சாறை இங்கன வச்சிட்டுப் போங்க. ஈ விழாம நான் மூடி வைக்கேன்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மெம்பருக்கு முகம் கறுத்துவிட்டது. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் காரில் ஏறினார். பட்டினி கிடந்தவர் உதட்டில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. நான் எட்டித் தொடும் தூரத்தில் நின்று பார்த்தேன்.

ரயில் அதற்குள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. தந்தி கொடுத்தால் தடுத்துவிடலாம். தபாலாபீசுக்கு நடந்தேன். போஸ்ட்மாஸ்டர் கதவைச் சாத்தத் தயாராக இருந்தார். "என்ன சார், தந்தியா?" என்று கேட்டார். "இல்லை, கார்டு வேணும்" என்றேன். ஒரு கார்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? மதுரை ஆபீசில் ஓர் உதவி ஆசிரியர் இடம் காலியாகப் போகிறது என்று செய்தி ஆசிரியர் என்னிடம் சொல்லியிருந்தார். மற்றப் பத்திரிகைகளை முந்திக்கொண்டு செய்தி தருகிற நிருபரைத்தான் எடுப்பார்களாம். 'நான் அனுப்பிய செய்தி பொய், போடாதீர்கள்' என்று தந்தி அடித்தால் அந்த இடம் போய்விடும். தாலுகா ஆபீஸ் நாற்காலிதான் மிச்சம். இன்னொன்றும் நினைத்தேன். எப்படியும் நாளை காகிதம் வந்துவிடும், அவரும் குடித்துவிடுவார், அப்போது நான் எழுதியது ஒரு நாள் முந்திய உண்மையாகிவிடும். படித்தவனுக்குத்தான் இந்த மாதிரி யோசனையெல்லாம் வரும்.

மறுநாள் முற்பகலில் பேப்பர் கட்டு வந்து இறங்கியது. ஏஜெண்ட் தம் கடையில் நின்று எப்போதும்போல உரக்க வாசித்தார். நான் கடைக்கு வெளியே இருந்தேன்.

"ஏலே, குடிச்சிட்டாராம்லா!"

"குடிக்கலைன்னுல்லா நேத்துப் பேசிக்கிட்டாக?"

"சும்மா இரும் வே. ஜனம் கலைஞ்ச பெறகு குடிச்சிருப்பாரு. பேப்பர்ல பொய்யாவா போடுவான்?"

"நானும் கூட்டத்துலதான நின்னேன். எம்பக்கம் மறைச்சிருந்திச்சு. அப்பவே டம்ளரை வாங்கின மாதிரிதான் தெரிஞ்சுது."

நேரில் நின்று பார்த்தவர்களே அச்சில் வந்ததைப் படித்ததும் தாங்கள் பார்த்ததைச் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். எழுத்துக்கு அவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அந்த டீக்கடை வாசலில்தான். ஒரு கணம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடையிலிருந்த கூட்டம் பந்தலுக்குப் போயிற்று. நானும் பின்னால் போனேன். ஒருவன், "அண்ணாச்சி, சாறு புளிச்சுதா, இனிச்சுதா?" என்று கேட்டான். இன்னொருவன், "சீனி போட்டாகளா, உப்புப் போட்டாகளா? உங்க ஊருலதான் உப்புக்குப் பஞ்சமில்லையே" என்றான். அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் மைத்துனரைப் பார்த்தார். எப்போதும் சிரிப்புக் காட்டுகிற அந்த மனிதர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அத்தான், நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தனே, அந்நேரம் எதுவும்..." என்று இழுத்தார்.

அவர் கோபப்படவில்லை. கூட்டத்தில் தேடி என்னைக் கண்டுபிடித்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன்.

"அந்தா தம்பி இருக்காருல்லா! எழுதுனவரு அவருதான். நேத்து இந்தப் பந்தக்காலைப் பிடிச்சுக்கிட்டு இங்கனதான் நின்னாரு. தம்பி, நீங்களே சொல்லுங்க. நான் குடிச்சனா?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஆபீஸ்ல என்ன போட்டிருக்காங்கன்னு விசாரிக்கணும்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் தனக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டது. நான் வேலை இருப்பதுபோல வாட்சைப் பார்த்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

மத்தியானம் போலீஸ்காரர்கள் வந்தார்கள். உண்ணாவிரதம் முடிந்துவிட்டதாகப் பேப்பரிலேயே வந்துவிட்டது, இனிப் பந்தல் எதற்கு என்று ஓலையைப் பிரித்தார்கள். அவர் வெறும் தரையில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர்களில் பாதிப்பேர் வண்டியைப் பூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். சாயங்காலம் மயங்கி விழுந்தவரை மைத்துனர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். கிணற்றைப் பண்ணையாரின் தோட்டத்திலேயே வெட்டினார்கள்.

சில மாதங்களில் எனக்கு மதுரையில் வேலை கிடைத்தது. என்னை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது செய்தி ஆசிரியர், "சங்கரன்கோவில் உண்ணாவிரதச் செய்தியை எல்லாரையும் முந்திக் கொடுத்தாரே, அவர் இவர்தான்" என்றார். மற்றப் பத்திரிகைகளில் அந்தச் செய்தி வரவே இல்லையே, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வேலையை நான் நன்றாகவே செய்தேன். அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. சீக்கிரத்தில் செய்தி ஆசிரியரானேன். கண்டிப்பானவன் என்று பெயர் வாங்கினேன். கூட்டம் நடக்குமுன்பே நடந்ததாக எழுதி அனுப்பிய நிருபர் ஒருவரை வேலையைவிட்டு நிறுத்தினேன். பிள்ளைகுட்டிக்காரர். மதுரைக்கே வந்து, "எல்லாரும் செய்யறதுதானே சார்" என்று அழுதார். "எல்லாரும் செய்தால் சரியாகிவிடுமா?" என்று கேட்டு அனுப்பினேன். அன்று என் கண்டிப்பை ஆபீஸே மெச்சியது.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சுற்றுக் கிராமத்துச் சம்சாரிகள் பருத்தியும் மிளகாய் வத்தலும் கொண்டுவந்து சப்பரத்தின் மேல் எறிகிற நேரம். கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. துண்டில் பருத்தி முடிந்து வைத்திருந்தார். பின்னாலிருந்து ஒரு பையன், "ஏ சாறு மாமா, கொஞ்சம் தள்ளித்தான் நில்லுமே" என்றான். அவர் சிரித்துக்கொண்டே விலகி வழிவிட்டார். அந்தப் பெயருக்குப் பழகிப்போன சிரிப்பு.

ஏஜெண்டின் கடைக்குப் போய் விசாரித்தேன்.

"உங்களுக்குத் தெரியாதா? அவருக்கு மட்டுமா, அந்த ஊருக்கே சாறூருன்னுதான் பேரு. அவுக பொம்பளைக தண்ணிக்குப் பண்ணையாரு தோட்டத்துக்குத்தான் போகணும். 'உங்களுக்குத்தான் சாறு இருக்கே, தண்ணி எதுக்கு'ன்னு வேலியிலயே நிறுத்தி வைப்பானுவ. அந்தச் செய்தி நம்ம பேப்பர்லதான வந்துது! வேற எவனுக்கும் கெடைக்கலை பாருங்க."

மதுரைக்குத் திரும்பியதும் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஒரு திருத்தம் போட வேண்டும் என்றேன். "எல்லாரும் மறந்துபோனதை நாமே கிளறுவதா?" என்று மறுத்துவிட்டார். அவர் வெளியூர் போயிருந்த ஒரு நாள் நானாகவே போட்டேன். அந்தச் செய்தி பொய், எழுதியவன் நான், அவர் சாறு குடிக்கவில்லை என்று, அவர் பெயர், ஊர்ப் பெயர், என் பெயர் எல்லாம் போட்டு எழுதினேன். கிணறு வேண்டும் என்றும் எழுதினேன். என் வேலை போனாலும் போகட்டும் என்ற துணிச்சல் இருந்தது. உண்மையில் வேலை போகவில்லை. முதலாளி ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்தார், பிறகு அதோடு விட்டுவிட்டார்.

அன்றைய பேப்பரில் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு நானே புறப்பட்டேன். குருவிகுளத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கிக் கரிசல்காட்டு வழியாக நடந்தேன். அவர் வீட்டு முற்றத்தில் மனைவி மிளகாய் வத்தலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து வந்த அவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க தம்பி" என்று கட்டிலைத் தட்டிப் போட்டார். நான் நின்றுகொண்டே திருத்தத்தை முழுவதும் வாசித்தேன். முடித்துவிட்டு அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். மன்னித்தேன் என்று சொல்வார், அல்லது அடிப்பார். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதமாக இருந்தது.

அவர், "இந்தப் பேப்பரு எங்கெல்லாம் போகும் தம்பி?" என்று கேட்டார்.

"எல்லா ஊருக்கும் போகும்."

"ராஜபாளையத்துப் பக்கம்?"

"போகும்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவிதான் பேசினார்.

"எம் மகளை அங்கதான் குடுத்திருக்கேன். இங்கன பக்கத்து ஊர்ல எல்லாம் சாறுகாரரு மகளாம்னு சிரிச்சானுவ. அந்தப் பேரு எட்டாத ஊராத் தேடித்தான் அம்புட்டுத் தூரத்துல கொண்டுபோயிக் குடுத்தோம். அங்க ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. இப்ப நீங்க பேரு, ஊரு எல்லாம் அடிச்சு அனுப்பிச்சிட்டியளே! இதை எழுதுங்கன்னு உங்களை யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. எழுதுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் கொண்டுபோன கட்டை அங்கே வைக்கவும் முடியவில்லை, திருப்பி எடுத்துவரவும் முடியவில்லை. வரும் வழியில் கரிசல் நிலத்தில் ஒரு வெடிப்புக்குள் போட்டு மண்ணைத் தள்ளினேன்.

பிறகு ஒரு நாள் அவர் மதுரைக்கு வந்து, எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றார். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார்.

"சம்பந்தி வீட்டுல பேப்பரைக் காட்டிக் கேக்காக. நான் சொன்னா, தகப்பன் அப்படித்தான சொல்லுவாருன்னு நெனைப்பாக. நீங்க வந்து வாயால ஒரு வார்த்தை சொல்லணும். அன்னைக்கு நான் கேட்டப்ப சொல்லலை. இப்பவாவது சொல்லுங்க."

போட்டது போட்டபடி அவருடன் பஸ் ஏறினேன். வழியில் அவர் மழையைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் மட்டுமே பேசினார். சம்பந்தி நல்ல மனிதர். எனக்கு நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார். நான் எழுந்து நின்று, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். கார்டு வாங்கியதைக்கூட விடவில்லை. இவர் குடிக்கவில்லை, நான் கண்ணால் பார்த்தேன், பொய் எழுதியது நான் என்று சொல்லி முடித்தேன்.

சம்பந்தி பெருந்தன்மையோடு சிரித்தார். "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? குடிச்சிருந்தாத்தான் என்னங்க? மனுசன் எத்தனை நாளைக்குத்தான் வயித்தைக் காயப்போடுவான்? நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்கல."

"அவர் குடிக்கவில்லை" என்றேன் மறுபடியும்.

"அதான் சொல்லிட்டீங்களே. சரி விடுங்க. காப்பியைக் குடிங்க, ஆறுது."

உள்கதவில், என்னை அழைத்துவந்தவரின் மகள் கைக்குழந்தையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இளம் பெண். அவள் என்னைப் பார்க்கவில்லை. தகப்பனைப் பார்த்துக் கேட்டாள்.

"நெசமாவே குடிக்கலையாய்யா?"

ஊர் என்ன சொன்னாலும் வீட்டில் தன்னை நம்பியிருந்தார்கள் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருக்க வேண்டும். அவர் முகத்தை நான் பார்த்தேன். பந்தலில் நான் உண்மையைச் சொல்லாதபோதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை.

"இல்ல தாயி" என்றார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லாய்யா" என்று அவள் அழ ஆரம்பித்தாள். குழந்தையும் சேர்ந்து அழுதது.

"நீ கேக்கலையே தாயி."

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சம்பந்தி வற்புறுத்தினார். அவர் மகளிடமிருந்து பேரனை வாங்கி ஒரு தடவை முகர்ந்துவிட்டுக் கொடுத்துவிட்டார். வெளியே வந்து சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறினோம்.

நான் பஸ்ஸில் மெதுவாக, "அண்ணாச்சி, என்னால்தான்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையை அசைத்து நிறுத்தினார்.

"அவ மேலயும் குத்தமில்ல தம்பி. சின்னப் புள்ள அப்ப. எங்க வீட்டுல எழுத்துப் படிச்சது அவ ஒருத்திதான். என்னைக் கொண்டாந்து கட்டில்ல போட்டப்ப மச்சினன் அந்தப் பேப்பரையும் கையிலயே வச்சிருந்தான். என்னதான் போட்டிருக்குன்னு அவளைத்தான் வாசிக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்துல வாசிக்கிற மாதிரி, நின்னுக்கிட்டு, கணீர்னு வாசிச்சா. எங்கயும் தட்டலை. புள்ள இவ்வளவு நல்லா வாசிக்காளேன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். வாசிச்சதைப் பொய்யின்னு அவட்ட எப்படிச் சொல்ல?"

அந்த ஊருக்குள் தண்ணீர் பல வருஷம் கழித்து வந்தது. என் எழுத்தால் வந்ததல்ல. எல்லா ஊருக்கும் அடிபம்பு வந்தபோது அதற்கும் வந்தது.

அன்று சங்கரன்கோவிலில் இறங்கியதும் அவர் குருவிகுளம் பஸ்ஸை நோக்கி நடந்தார். நான் பின்னாலிருந்து கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. பஸ் நிலையத்து இரைச்சலில் என் குரல் அவருக்குக் கேட்டிருக்காது என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.